பரந்தன் சந்தியில் பதினான்கு மாதம் ஓடிய கைகர் கிட்

கதிர்வீச்சை எண்ணும் இந்தக் கைகர் கவுண்டர் கிட்டை வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் பெட்டியால் எடுத்த கையோடு கரண்ட் கொடுக்காதீர்கள். அதற்கு முன் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று காட்டுவதற்காகவே கதிரைப் பிடிக்கும் அதன் ரியூப் ஒன்றைப் பதினான்கு மாதத்தில் கிழவனாக்கி வைத்திருக்கிறேன்.

நான் கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில் இன்வேர்ட்டர், ரீவி, தண்ணி மோட்டர் கொன்ட்ரோலர் திருத்துகிறவன். தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரி வரத் தடை இருந்தபோது சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட ஆட்களில் ஒருவன். கதிர்வீச்சுக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை. மருமகள் கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்தில் பொறியியல் படிக்கிறாள். ஒரு நாள் பின்னேரம் கடைக்கு வந்து, "மாமா, ஒரு கைகர் கவுண்டர் கிட் இருக்கு, ரெண்டா எடுத்தா மலிவு, நீங்களும் ஒண்டு எடுங்கோவன்" என்றாள். அப்படித்தான் இந்தச் சனியன் என் மேசைக்கு வந்தது. இரண்டும் சேர்ந்து, தபாலும் சுங்கமும் அடங்கலாக, முப்பதாயிரம் ரூபாவுக்குக் கொஞ்சம் கீழே.

பெட்டிக்குள் ஒரு பச்சை போட், ஒரு சின்னத் திரை, ஒரு ஸ்பீக்கர், பஞ்சில் சுற்றிய ஒரு கண்ணாடி ரியூப். ரியூப் சுட்டுவிரலை விட மெலிவு, நீளம் ஒரு சாண் வராது. ஜே305 என்ற வகை. சோல்டர் வேலை பரவாயில்லை, ஆனால் உயர் மின்னழுத்தப் பக்கத்தில் பிளக்ஸ், அதாவது சோல்டர் பசை, கழுவப்படாமல் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் விளைவைப் பிறகு மாரியில் அனுபவித்தேன். விளக்கத்தாள் ஒரு பக்கம். அதில் பாதி, இதைத் தண்ணீரில் போடாதே என்ற வகை அறிவுரை.

ரியூப்புக்குள் நடப்பதை என் பாணியில் சொல்கிறேன். நடுவில் மெல்லிய கம்பி, அது அனோட்டு. சுற்றிவர உள்சுவரில் மின்கடத்தும் பூச்சு, அது கதோட்டு. உள்ளே நியோன் போன்ற வாயு, அமுக்கம் குறைவு. கம்பிக்கு நானூறு வோல்ற் அளவில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்போம். வெளியே இருந்து ஒரு துணிக்கை நுழைந்து வாயுவில் ஓர் இலத்திரனைப் பிரித்துவிட்டால், அது கம்பியை நோக்கி ஓடும் வழியில் இன்னும் இலத்திரன்களைத் தட்டிவிடும், அவையும் தட்டிவிடும். கடைசியில் ரியூப் முழுவதும் கண்ணிமைக்கும் முன்பே பற்றி அணையும். அதுதான் அந்த டிக். கைகரும் முல்லரும் 1928இல் செய்த வடிவம் இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை.

சிக்கல் அந்த அணையும் வேலையில் இருக்கிறது. வெறும் நியோன் என்றால் பற்றியது தானாக அணையாது, திரும்பத் திரும்பப் பற்றிக்கொண்டே இருக்கும். அதனால் இன்னொரு வாயுவைக் கொஞ்சம் கலப்பார்கள். பழைய ரியூப்களில் அல்ககோல் ஆவி. ஒவ்வொரு டிக்குக்கும் அதில் ஒரு பங்கு உடைந்து போகும், உடைந்தது உடைந்ததுதான். எல்லாம் முடிந்த அன்றைக்கு ரியூப்பும் முடிந்தது. புதிய ரியூப்களில் புரோமின் அல்லது குளோரின் போடுகிறார்கள். அது உடைந்தாலும் பிறகு தானே கூடிக்கொள்ளும். அதற்காகச் சாவே இல்லை என்று எடுக்கக்கூடாது. புரோமின் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரிலும் உலோகத்திலும் பிடித்துக்கொள்ளும். ஒரு காலத்தில் எங்கள் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் குளோரின் செய்தார்கள். அந்த வளவைக் கடந்து போகும்போது இப்போது இந்த ரியூப்தான் நினைவுக்கு வருகிறது, என்ன செய்ய.

சரி, முதல் வேலை என்று சொன்னது என்ன? ரியூப்புக்குப் போகும் மின்னழுத்தத்தை அளப்பது.

சாதாரண மல்ரிமீற்றரை உயர் அழுத்தப் புள்ளியில் வைத்தால் 212 வோல்ற் காட்டும். பலர் அதைப் பார்த்துவிட்டு "அழுத்தம் காணாது" என்று, அதைக் கூட்டிக் குறைக்க போட்டில் இருக்கும் திருகாணியை ஏற்றுகிறார்கள். அது பொய் அளவு. மீற்றரின் உள்தடை 10 மெகாஓம், இந்த போட் கொடுக்கக்கூடிய ஓட்டமோ மைக்ரோ அம்பியர் கணக்கு. மீற்றர் தொட்ட உடனேயே அழுத்தம் இறங்கிவிடும். கள்ளுப் பானையில் எவ்வளவு இருக்கிறது என்று குடித்துப் பார்த்துச் சொல்வது மாதிரி. அதனால் 100 மெகாஓம் றெசிஸ்ரர் பத்தை வரிசையாகப் பற்றவைத்து, கைபடாமல் ஒரு பிளாஸ்ரிக் குழாய்க்குள் வைத்து, மீற்றரின் முன்னால் சேர்த்தேன். இப்போது மீற்றர் காட்டுவதை 101ஆல் பெருக்கினால் உண்மை அளவு. மீற்றர் 4.63 காட்டியது. அதாவது 468 வோல்ற்.

இந்த ரியூப்புக்குச் சொல்லப்பட்ட அழுத்தம் 380. விற்பவர் ஏன் 468இல் வைத்து அனுப்பினார்? என் ஊகம் இதுதான்: அங்கே டிக் கொஞ்சம் கூட விழும், ஸ்பீக்கர் சத்தமும் உறுதி, பெட்டியைத் திறக்கிறவர் சந்தோசப்படுவார். இரண்டு போட்டும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் வந்தன, ஆகவே தற்செயல் இல்லை. எழுதிக் கேட்டேன். "வேலை செய்கிறதுதானே நண்பரே" என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு பூப்படம்.

இந்த இடத்தில்தான் எனக்கு வீம்பு பிடித்தது. விற்பனைப் பக்கத்தில் ரியூப்பின் ஆயுள் நூறு கோடித் துடிப்பு, அதாவது நூறு கோடி டிக், என்று போட்டிருந்தது. நல்ல பெரிய எண். ஒன்றும் வைக்காமல் என் மேசையில் நிமிடத்துக்கு 24, 25 விழுகிறது, நிலத்தில் இருந்தும் வானத்தில் இருந்தும் வருவது. அந்தக் கணக்குக்கு நூறு கோடி முடிய எழுபத்தாறு வருடம் ஆகும். எனக்குப் பிறகு மருமகளின் பேரப்பிள்ளைதான் விமர்சனம் எழுத வேண்டும். ஆனால் ஆயுள் உண்மையில் துடிப்பின் எண்ணிக்கையில்தானா இருக்கிறது? 380இல் ஒரு டிக், 468இல் ஒரு டிக், இரண்டும் ரியூப்புக்கு ஒரே அளவு தேய்மானமா? மருமகளிடம் கேட்டேன். "இல்லை மாமா, ஒவ்வொரு டிக்குக்கும் எவ்வளவு மின்னேற்றம் ஓடுது எண்டதுதான் கணக்கு" என்றாள். அப்படியானால் செய்து பார்ப்போம்.

செய்து பார்க்க ரியூப்பை வேகமாக வயதாக்க வேண்டும். அதற்குக் கதிர்மூலம் வேண்டும். ஆய்வுகூட மூலம் என்றால் அனுமதிப்பத்திரம், சட்டம் எல்லாம் உண்டு. கடைக்காரனுக்கு அது சரிவராது. ஆனால் எங்கள் ஆட்களின் வீடுகளில் ஒரு மூலம் எப்போதும் இருந்தது. பெற்றோமக்ஸ் விளக்கில் ஒளிவிடும் சீலை வலை, மென்டில்.

பழைய மென்டில்களில் தோரியம் என்ற கதிர்விடும் உலோகம் இருக்கும். அந்த வெள்ளை ஒளி தோரியம் ஒட்சைட்டின் வேலை. அப்பா கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் பெற்றோமக்ஸ் வாடகைக்கு விட்டவர். பன்னிரண்டு லைற் இருந்தது. 2009இல் வீட்டோடு எல்லாம் போனது. ஆனால் வவுனியாவில் சின்னம்மா வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் அப்பா எப்போதோ கொடுத்துவைத்த மென்டில் பக்கற்றுகள் கிடந்தன. கடதாசி பழுப்பேறி, உள்ளே சீலை அப்படியே. ஒன்றை ரியூப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் பெட்டி மழை பெய்த தகரம் மாதிரிச் சத்தம் போட்டது. கிளிநொச்சிச் சந்தையில் புதிதாக ஒரு பக்கற் வாங்கி வந்து பார்த்தேன், அசைவே இல்லை. இப்போது வருவதில் வேறு உலோகம் போடுகிறார்கள்.

பழைய மென்டிலுக்கு இன்னொரு வசதி உண்டு. தோரியத்தின் அரைவாழ்வு, அதாவது அதில் பாதி தேய எடுக்கும் காலம், 1400 கோடி வருடம். அதில் இருந்து பிறக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும் கதிர் விடுவன. புது மென்டிலில் அவை இன்னும் கூடிக் குறைந்துகொண்டிருக்கும், முப்பது வருடம் கடந்த மென்டிலில் ஒரு நிலைக்கு வந்திருக்கும். ஆகவே பதினான்கு மாதத்தில் எண்ணிக்கை மாறினால் மாறியது ரியூப்தான், மென்டிலைக் குறை சொல்ல முடியாது. செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எரித்த மென்டிலைத் தொடாதீர்கள். அது தூளாகும், தூள் மூச்சுக்குள் போகக்கூடாது. எரிக்காததைப் பொலித்தீன் பைக்குள் போட்டு வாயை ஒட்டி, ரியூப்பைப் பைக்கு வெளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மென்டிலில் இருந்து வரும் பீற்றாக் கதிருக்குப் பொலித்தீன் ஒரு தடையில்லை.

2024 தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் தொடங்கினேன். ஒரு பெட்டியை வந்தபடியே 468இல் விட்டேன். மற்றதை 385க்கு இறக்கினேன். இரண்டு ரியூப்பையும் சுற்றி ஒரே அளவு மென்டில். மருமகள் முதலாவதுக்கு "அவசரம்" என்றும் இரண்டாவதுக்கு "ஆறுதல்" என்றும் பெயர் எழுதி ஒட்டிவிட்டாள். அவசரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 950, ஆறுதலில் 870. அவள் எழுதிய ஒரு சின்ன நிரல் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினி போட்டில் ஓடி மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது, ஏனென்றால் கிட்டின் திரைக்கு நிமிடக் கணக்கு மட்டும்தான் தெரியும், நேற்றுக் காட்டியது இன்றைக்கு நினைவில்லை. இது ஒரு குறைதான்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு கடை பூட்டியிருக்கும்போது மேடை எடுப்பேன். மேடை என்றால் இதுதான்: அழுத்தத்தைப் பத்துப் பத்து வோல்ற்றாக ஏற்றிக்கொண்டு எண்ணிக்கையைக் குறிப்பது. 340 வரைக்கும் ஒன்றுமில்லை. அதில் தொடங்கிச் சட்டென்று ஏறும், பிறகு 360இல் இருந்து 440 வரை கிட்டத்தட்டச் சமதரை, அதற்கு மேலே மறுபடி ஏற்றம். நல்ல ரியூப் என்றால் தரை நீளமாகவும் சரிவு குறைவாகவும் இருக்கும். வயது போகப் போகத் தொடக்கம் பின்தள்ளும், தரை குறுகும், சரிவு கூடும். முழங்கால் நோவு மாதிரி, ஒரு நாளில் தெரியாது.

இணையத்தில் ஒரு நிமிடம் எண்ணிவிட்டு "இந்த ரியூப் அதைவிட நல்லம்" என்கிறவர்களை நம்பாதீர்கள். 25 விழுந்தால் அடுத்த நிமிடம் 20உம் வரும் 30உம் வரும், இரண்டும் சரி. நூற்றுக்கு ஒன்று அளவு திருத்தமாகச் சொல்ல வேண்டுமென்றால் பத்தாயிரம் எண்ண வேண்டும். மென்டிலோடு ஒரு புள்ளிக்குப் பன்னிரண்டு நிமிடம், ஒன்பது புள்ளி, இரண்டு பெட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். மனிசி இதைப்பற்றிச் சொன்னதை இங்கே எழுதவில்லை.

நான் செய்வதைப் பெரிதாகச் செய்கிற இடம் ஒன்று சுவிஸ் எல்லையில் இருக்கிறது. சேர்ன் என்ற துணிக்கை இயற்பியல் ஆய்வுகூடத்தின் ஜிஃப்++ என்ற கதிர்வீச்சுக் கூடம். அங்கே ஒரு சீசியம்-137 மூலம், 2015இல் இருந்து நடக்கிறது. தொடங்கியபோது அதன் பலம் 14 டெராபெக்கரல், அதாவது வினாடிக்குப் பதினான்கு இலட்சம் கோடி அணுத் தேய்வு. என்னுடைய மென்டில் சீலை அதற்கு முன்னால் கடலுக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டைத் தண்ணீர். துணிக்கைகளை மோதவிடும் பெரிய மோதுகருவிகளில் வைக்கப்போகும், வாயு நிரப்பிய துணிக்கை உணரிகளை அந்த மூலத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் நிறுத்தி, பல வருடத்துத் தேய்மானத்தை அங்கேயே கொடுத்துப் பார்க்கிறார்கள். மூலத்துக்கு முன்னால் ஈய வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்துக் கதிரைக் கூட்டிக் குறைக்கலாம். அதோடு மியூயோன் என்ற துணிக்கைகளின் கற்றை ஒன்றும் வரும், வயதாகிக்கொண்டிருக்கும் உணரி அந்தத் துணிக்கையை இன்னும் பிடிக்கிறதா என்று பார்க்க.

அவர்கள் ஆயுளை எழுதும் அலகைப் பார்த்ததும் எனக்கு ஒரு திருப்தி. கம்பி உணரி என்றால் ஒரு சென்ரிமீற்றர் கம்பிக்கு எத்தனை கூலோம் ஏற்றம் சேர்ந்தது என்றுதான் எழுதுகிறார்கள். வருடமும் இல்லை, டிக் எண்ணிக்கையும் இல்லை. மருமகள் சொன்ன அதே கணக்கு.

கம்பிக்கு என்ன நடக்கிறது என்பதும் சுவையான விஷயம். 1968இல் சார்ப்பக் என்ற இயற்பியலாளர் செய்த பல்கம்பிக் கூடம் என்ற வாயு உணரி மாதிரியானவற்றில் தலைமயிரை விட மெல்லிய, தங்க முலாம் பூசிய தங்குதன் கம்பிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்தக் கண்டுபிடிப்புக்கு அவருக்கு 1992இல் நொபெல் பரிசு கிடைத்தது. கம்பிக்கு மிக அண்மையில் மின்புலம் அவ்வளவு கடுமை என்பதால் வாயு மூலக்கூறுகள் துண்டு துண்டாக உடைகின்றன. ஐதரோகாபன் வாயு இருந்தால் அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துக் கம்பியில் பிசின் போலப் படியும். கம்பி தடித்தால் மின்புலம் தளரும், துடிப்பு சிறுக்கும். இன்னும் கேவலமான எதிரி சிலிக்கன். ஓ-வளையத்தில் பூசிய கிறீஸ், வாயுக்குழாய் வழியில் உள்ள எண்ணெய், இப்படி ஒரு துளியில் இருந்து வந்து கம்பியில் முள்முள்ளாக வளரும். ஊரில் ஊசி பம்பில் ஒரு மணல் போய் இயந்திரத்தைக் கெடுப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதில்லை.

படிவு கதோட்டில் பிடித்தால் வேறு வியாதி. மின்கடத்தாத ஒரு மெல்லிய தோல் அங்கே உருவாகும். அதன்மேல் அயன்கள் வந்து குந்தியிருந்து அடியில் இருந்து இலத்திரன்களை இழுத்துக்கொண்டே இருக்கும். மூலத்தை எடுத்த பிறகும் ஓட்டம் நிற்காது. இது 1936இல் மோல்ற்றர் என்பவர் கண்டுபிடித்தது, மோல்ற்றர் விளைவு என்று அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். ஹம்பேர்க்கில் ஹெரா-பி என்ற பரிசோதனையில் இது பெரிய தலையிடியாக வந்தது. எக்ஸ் கதிரில் வைத்து நன்றாகத் தேறிய கூடங்கள், உண்மையான துணிக்கைக் கற்றைக்குள் வைத்ததும் கொஞ்ச நேரத்திலேயே படுத்துவிட்டன. கதோட்டுத் தாளுக்குத் தங்கம் பூசி, வாயுக் கலவையையும் மாற்றித்தான் சரிக்கட்டினார்கள். மிக வேகமாக வயதாக்கினால் தேய்மானம் குறைவாகத் தெரியும் சந்தர்ப்பங்களும் உண்டு. அதனால் ஜிஃப்++இலும் எத்தனை மடங்கு விரைவுபடுத்தலாம் என்பது ஒரு நிரந்தரக் கேள்வி. இதை வாசித்த அன்றைக்கு என் மென்டிலின் மெத்தனத்தைப் பற்றி எனக்கிருந்த வெட்கம் பாதி குறைந்தது.

இனி, வன்னியில் வைத்துப் பாவிக்கிறவர் சந்திக்கப்போகும் தொல்லைகள். முதலாவது வெயில். ரியூப் கண்ணாடி, வெளிச்சம் உள்ளே போகும். கடை வாசலில் மத்தியானம் வைத்தபோது 24 என்பது 190 ஆனது. பக்கத்துக் கடைத் தம்பி பயந்துவிட்டார். ஒன்றுமில்லை, கறுப்பு இன்சுலேஷன் ரேப்பை ஒரு சுற்றுச் சுற்றியதும் அடங்கியது. அந்த ரேப்பைக் கிட்டோடு வைத்து அனுப்ப விற்பவருக்கு இருபது ரூபா செலவாகியிருக்காது.

இரண்டாவது மாரி. கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் ஆறுதலின் எண்ணிக்கை ஒரே இரவில் 870இல் இருந்து பூச்சியத்துக்கு விழுந்தது. மருமகள் வந்து பார்த்துவிட்டு, "மாமா, உது செத்துப்போச்சோ?" என்றாள். "பொறு பிள்ளை" என்று அழுத்தத்தைப் பார்த்தேன், 329. ரியூப்பில் பிழையில்லை. கழுவாமல் விட்ட பிளக்ஸில் ஈரம் ஏறி, போட்டின் மேலாகவே ஓட்டம் கசிந்துகொண்டிருந்தது. ஆனையிறவுப் பக்கத்தில் இருந்து வரும் காற்றில் உப்பும் இருக்கும், அதுவும் சேர்ந்திருக்கலாம். பழைய பல்துலக்கியும் ஐசோபுரப்பைல் அல்ககோலும் எடுத்துத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் மின்குமிழுக்குக் கீழே காயவைத்து, உயர் அழுத்தப் பக்கம் முழுக்க இரண்டு பூச்சு கியூட்டெக்ஸ் நகப்பூச்சு அடித்தேன். மருமகளுடைய சிவப்பு. மறுநாள் 872. பிறகு இன்றைக்கு வரை அந்தப் பக்கத்தில் கரைச்சல் இல்லை. அவசரத்துக்கும் அதே வைத்தியம்.

மூன்றாவது தொல்லை ஆட்கள். டிக் டிக் என்று ஒரு பெட்டி, பக்கத்தில் வயர். மிதிவெடி எடுக்கிற மெசினோ என்று கேட்டவர் பலர். ஒருவர் நேரம் கெட்ட நேரத்தில் வந்து கதவைப் பாதி சாத்திவிட்டு, "அண்ணை, உது தங்கம் காட்டுமோ?" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை. இரவுக்கு ஐயாயிரம் வாடகை தருகிறேன் என்றார். கிட்டின் விலையை மூன்று இரவில் எடுத்திருக்கலாம்.

2025 பங்குனி நடுப்பகுதியில் நிறுத்தினேன். 425 நாளில் கரண்ட் போனது, வந்தது, கழுவிக் காயவைத்தது எல்லாம் கழித்து 351 நாள் ஓடியிருக்கிறது. அவசரம் எண்ணியது 48 கோடி, ஆறுதல் 44 கோடி. சொல்லப்பட்ட நூறு கோடியில் பாதி கூட இல்லை.

ஆறுதலின் தொடக்க அழுத்தம் 341இல் இருந்து 345. மேடையின் சரிவு நூறு வோல்ற்றுக்கு 9 வீதமாக இருந்தது, 11 ஆகியிருக்கிறது. மென்டிலை எடுத்துவிட்டால் பழையபடி 25. இன்னும் பல வருடம் ஓடும்.

அவசரத்தின் தொடக்கம் 339இல் இருந்து 358க்குப் போய்விட்டது. சரிவு 27 வீதம். சமதரை என்று சொல்ல இருந்த இடம் இப்போது ஏற்றமாகிவிட்டது. மென்டில் இல்லாமல் 38 காட்டுகிறது, அதில் பதின்மூன்று பொய். துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் பழைய ஒசிலோஸ்கோப்பில் போட்டுப் பார்த்தேன். ஒரு துடிப்பு விழுந்து சிறிது நேரத்தில் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வருகிறது. அணைக்க வேண்டிய புரோமின் போதவில்லை, பற்றியது மறுபடி பற்றுகிறது. அன்றைக்கு மருமகள் திரையைப் பார்த்தபடி நீண்ட நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு டிக்கில் ஓடும் ஏற்றம், தொடக்க அழுத்தத்துக்கு மேலே எத்தனை வோல்ற் கொடுத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய நேராகக் கூடும். ஆறுதலுக்கு அந்த மேலதிகம் 44 வோல்ற். அவசரத்துக்கு 129. டிக் எண்ணிக்கையில் இரண்டுக்கும் நாலு கோடிதான் வித்தியாசம், ஆனால் உள்ளே ஓடிய ஏற்றத்தில் அவசரம் மூன்று மடங்கு. அந்தத் திருகாணியின் அரைச் சுற்றுக்குள் இருந்த வித்தியாசம் இது. ஒவ்வொரு வகையிலும் ஒரு ரியூப்தான் என்னிடம் இருந்தது, அவசரம் பிறவியிலேயே நோஞ்சானாக இருந்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். பத்துப் பத்தாக வாங்கிப் பார்க்க வசதியுள்ளவர் பார்க்கட்டும்.

மாசியில் மூன்றாவதாக ஒரு எஸ்.பி.எம்.-20 ரியூப் எடுத்தேன், சோவியத் காலத்து வகை, உலோக உடல், ஒன்பதாயிரம் ரூபா. இதே போட்டில் 400க்கு ஏற்றினால் ஓடும். வெயிலுக்கு அசையாது. தரவுத்தாளில் ஆயுள் 2000 கோடித் துடிப்பு. என் மென்டில் வேகத்தில் அதை முடிக்க நாற்பது வருடத்துக்கு மேல், ஆகவே ஆயுளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மேடை மட்டும் அழகு, மேசை மாதிரித் தட்டையாக இருக்கிறது. காசு இருந்தால் கிட்டோடு வரும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இதைப் போடுங்கள்.

கையில் கொண்டு திரியவும் பார்த்தோம். ஒரு சனிக்கிழமை முல்லைத்தீவு போய், அங்கிருந்து கொக்கிளாய்க் கரைக்கு. போனின் பவர் பாங்கில் நாள் முழுக்க ஓடியது. வெள்ளை மணலில் 22. அலை விட்டுப்போன கறுப்பு வரிக்கு மேல் வைத்ததும் 60ஐத் தாண்டியது. தெற்கே புல்மோட்டையில் இல்மனைற்றோடு சேர்ந்து வரும் மொனசைற் மணலில் தோரியம் இருக்கிறது. அப்பாவின் மென்டிலில் இருந்த அதே சாமான் கடற்கரையில் சும்மா கிடக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, அங்கே மீன் காயவைக்கிறவர்கள் எங்களைத்தான் வினோதமாகப் பார்த்தார்கள். பெட்டியின் மூடி மட்டும் காற்றுக்குப் பிடிக்கவில்லை, மணல் உள்ளே போய் பட்டன் ஒன்று இறுகிவிட்டது.

பள்ளிக்கூடத்துக்கு எடுக்கிற ஆசிரியர் என்றால் இரண்டு வேலை செய்துவிட்டு வகுப்புக்குக் கொண்டுபோங்கள்: றெசிஸ்ரர் சங்கிலியோடு மீற்றரில் 3.81 வரும்வரை திருகாணியை இறக்குங்கள், போட்டைக் கழுவிப் பூச்சடியுங்கள். கரண்ட் போன பிறகும் கொண்டென்சரில் ஏற்றம் இருக்கும், பிள்ளைகளின் கை படாமல் மூடி போடுங்கள். சோல்டர் பிடிக்கத் தெரியாதவர்கள் யாராவது தெரிந்தவரோடு சேர்ந்து வாங்குவது நல்லது. சங்கிலி என்னிடம் இருக்கிறது, கடைக்குக் கொண்டுவந்தால் காசில்லாமல் அளந்து தருவேன்.

ஆறுதல் இப்போது அறிவியல் நகரில் மருமகளின் மேசையில். அவசரத்தை 400க்கு இறக்கி, மென்டிலை எடுத்துவிட்டு, கடையின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது 36. அடுத்த ஞாயிறு மேடை எடுக்க வேண்டும்.